உங்களுக்குத் தெரியுமா? – இரும்பு மீசை வைத்த ஜீப்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா, ஸ்கார்ப்பியோ... எந்த வண்டியாக இருந்தாலும் சரி, ஷோரூமை விட்டு வெளியே வந்த சில வாரங்களிலேயே அதன் முகத்தில் ஓர் இரும்பு மீசை முளைத்துவிடுகிறது. புல் பார், கிராஷ் கார்டு, ஆஃப்-ரோடு பம்பர் என்று அதற்குப் பல பெயர்கள். ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டால், "சேஃப்டிக்குத்தான் சார்" என்று பதில் வரும். யாருடைய சேஃப்டி என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அங்கேதான் பேச்சு சூடுபிடிக்கும்.

★ நாம் தட்டிப் பார்த்து "பம்பர்" என்று சொல்வது பம்பரே இல்லை. அது வெறும் பிளாஸ்டிக் தோல்.

டிங்கரிங் பட்டறை ஒன்றில் அடிபட்ட வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார்கள். தோலுக்குப் பின்னால் தெர்மாகோல் போன்ற ஒரு கட்டை, இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்குப் பின்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் இரு முனைகளிலும், ஒரு சாண் நீளத்தில், தகட்டால் செய்த இரண்டு பெட்டிகள். பெட்டியின் பக்கவாட்டில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி முன்கூட்டியே வரி வரியாக மடிப்பு வைத்திருந்தார்கள். வலது பக்கப் பெட்டி அந்த வரிகளின்படியே பாதியாக மடிந்து, அப்பளம்போல் நொறுங்கியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த சேஸிஸில் ஒரு கீறல்கூட இல்லை. "இது அடி வாங்கிச் சாகுறதுக்குன்னே வெச்சிருக்கிற பொருள் சார்" என்றார் மெக்கானிக். பொறியியல் பாடப் புத்தகத்தில் அரை அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் விஷயம், ஒரே வரியில் முடிந்துவிட்டது.

கனமான இரும்பு பம்பரை மாட்டும்போது, பல நேரங்களில் முதலில் கழன்று ஓரமாகப் போவது இந்தத் தோலும் கட்டையும் பெட்டிகளும்தான். புது பம்பர் நேராகச் சேஸிஸ் முனையிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

★ காரின் முன்பகுதி நசுங்கினால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார் என்று முதலில் எழுதி வைத்தவர் மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி. 1951-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உறுதியான நடுக்கூடு, நசுங்கும் முன்பின் பகுதிகள் என்ற அந்த வடிவத்தில் கார் விற்பனைக்கு வந்தது 1959-ல். "அந்தக் காலத்து வண்டி எவ்வளவு ஸ்ட்ராங்கு தெரியுமா, இடிச்சா சுவருதான் உடையும்" என்று தாத்தா பெருமையாகச் சொன்ன வண்டிகளில், அடியை வாங்கிக்கொண்டது தாத்தாவின் மார்புதான்.

★ ஒரு சின்னக் கணக்கு. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசை. அதே வண்டி 40 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கினால், ஏறக்குறைய 25 மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை சீட் பெல்ட் பிடித்து நிறுத்தியாக வேண்டிய பாரம் ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன்னாகிவிடுகிறது. வித்தியாசம் இரண்டு கை அகலத் தகடு.

"பம்பர் முன்னால் நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது, அப்போது நசுங்க இடம் கூடத்தானே செய்யும்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் நெளியாத நீளம் இந்தக் கணக்கில் சேராது. ஒரு முழக் கடப்பாரையை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சுவரில் மோதினால், கடப்பாரையின் நீளம் உங்களைக் காப்பாற்றாது.

அந்த நண்பரே பிறகு ஒருநாள் புளியமரத்தில் லேசாக முட்டிவிட்டார். பம்பரில் பெயின்ட்கூடப் போகவில்லை. வாட்ஸ்அப்பில் பெருமையாகப் படமும் போட்டார். இரண்டு வாரம் கழித்து, வண்டி இடது பக்கமாக இழுக்கிறதே என்று தூக்கிப் பார்த்தால், சேஸிஸின் முன்முனை விரலளவு திரும்பியிருந்தது. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய பெட்டிச் செலவு, சேஸிஸ் நிமிர்த்தும் செலவானது. அவர் அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

★ "புல் பார் மாட்டினால் ஏர்பேக் திறக்காது." ஊரெங்கும் சொல்லப்படும் வாக்கியம். பாதி உண்மை.

ஏர்பேக்கின் மூளை பம்பரில் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் அது கியர் லிவருக்கு அருகே, தரையோடு ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி. ரேடியேட்டர் தாங்கியின் பக்கம் துணைக்கு ஒன்றிரண்டு சென்ஸார்கள் இருக்கும். இவை பார்ப்பது, வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று, எந்த விதமாகக் குறைகிறது என்பதை. மோதியதிலிருந்து ஒரு நொடியின் நூறில் இரண்டு மூன்று பங்குக்குள் "திற, திறக்காதே" என்று முடிவெடுத்தாக வேண்டும். பை விரிய இன்னும் அதே அளவு நேரம். நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் மோதல், முடிவு, விரிதல் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த முடிவுக்கு அடிப்படை, வண்டியை உருவாக்கியவர்கள் பல வண்டிகளை இடித்துப் பார்த்துப் பதிவுசெய்த நசுங்கும் விதம். அந்த மாடலின் முன்பகுதி இப்படி இப்படி மடியும், அப்போது அதிர்வு இப்படி இப்படி ஏறி இறங்கும் என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாம் முன்னால் ஓர் இரும்புத் தண்டவாளத்தை வைத்தால் அந்தத் தாளம் மாறிவிடுகிறது. பழகிய மேளக்காரருக்குப் பக்கத்தில் வேறு யாரோ அடித்தால் நாயனக்காரர் தடுமாறுவாரே, அந்த மாதிரி.

தவறு இரண்டு விதமாக வரலாம். ஒன்று, தாமதம். ஓட்டுநரின் தலை ஸ்டீயரிங்கை நெருங்கிவிட்ட பிறகு பை வெடித்து விரிந்தால், காப்பாற்ற வந்ததே முகத்தில் அறையும். இரண்டு, தேவையற்ற அவசரம். காட்டுப்பாதையில் ஒரு மரக்கட்டையில் இடித்ததற்கே அதிர்ச்சி நேராகச் சேஸிஸ் வழியே ஏறி, பை திறந்துவிடலாம். பை விரிந்த வண்டியோடு மலைமேல் நிற்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில வண்டிகளில் எந்த மாற்றமும் தெரியாமலும் போகலாம். எது நடக்கும் என்பதை இடித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. வெல்டிங் பட்டறையில் யாரும் இடித்துப் பார்ப்பதில்லை.

★ இடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் புல் பார் ஒரு பெரிய தொழில். மெல்போர்னில் 1975-ல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் அதில் முன்னணியில் இருப்பது. "ஏர்பேக்குக்கு ஒத்துப்போகும்" என்று விற்கப்படும் அங்கத்திய பார்களில் ரகசியம் முன்னால் தெரியும் குழாயில் இல்லை, பின்னால் மறைந்திருக்கும் தாங்கிப் பட்டைகளில் இருக்கிறது. குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் மடியும்படி அந்தப் பட்டைகளை வடிவமைத்திருப்பார்கள். கம்பெனிப் பெட்டி செய்த வேலையைப் பட்டை செய்கிறது. அதனால் ஒரு மாடலுக்குச் செய்த பட்டை இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது. போல்ட் ஓட்டை சரியாக உட்கார்ந்தாலும் பொருந்தாது.

நம் ஊரில் பட்டையின் தடிமனைத் தட்டிக்காட்டி, "பத்து எம்.எம். சார், யானை முட்டினாலும் அசையாது" என்று விற்கிறார்கள். அதுதான் கவலை.

★ ஆஸ்திரேலியர்களுக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம்? கங்காரு. அந்தி வேளையில் ஆளரவமற்ற சாலையின் குறுக்கே பாயும் அது, ரேடியேட்டரை உடைத்துவிட்டால் அடுத்த ஊர் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். தண்ணீர் இல்லாத செம்மண் பாலையில் நின்றுபோன வண்டியே உயிருக்கு ஆபத்து. அங்கே பார் உள்ளிருப்பவரைக் காக்கிறது என்று சொன்னால் அர்த்தம் இருக்கிறது. மோதலில் காப்பதைவிட, மோதியபின் ஊர் போய்ச்சேர விடுவதால். ரேடியேட்டரைக் காக்கும் கம்பி என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

கங்காரு பற்றி இன்னொன்று. வழியில் விலங்கு வந்தால் தானே பிரேக் போடும் ஏற்பாட்டைச் சோதித்த வால்வோ நிறுவனம், கங்காரு குதிப்பதால் அதன் தூரத்தைக் கணிக்கத் தங்கள் வண்டி தடுமாறுகிறது என்று 2017-ல் ஒப்புக்கொண்டது. தாவும்போது தள்ளிப்போனதுபோலவும் தரையில் இறங்கும்போது அருகே வந்ததுபோலவும் தெரிந்ததாம். சுவீடன் நாட்டு மான்களை வைத்துப் பழக்கியதன் விளைவு!

★ அந்தத் தானியங்கி பிரேக்குக்கு வேண்டிய ரேடார் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலோ பம்பருக்கு நடுவிலோ இருக்கும். அதற்கு நேர் முன்னால் இரும்புக் குழாயோ, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சோ வந்தால் கண்ணுக்கு முன் கையை வைத்து மறைத்த கதை. தார் ராக்ஸ் போன்ற வண்டிகளிலேயே இந்த வசதி வந்துவிட்ட காலம் இது. விபத்தே நடக்காமல் தடுக்கக்கூடிய ஒன்றை மறைத்து, விபத்தில் காக்கும் என்று நம்பும் ஒன்றை மாட்டுகிறோம்.

★ 70 கிலோ பம்பர் மாட்டினால் முன் அச்சில் எத்தனை கிலோ ஏறும்? 70 என்று சொன்னால் தவறு.

தாரின் இரு அச்சுகளுக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர். வின்ச்சோடு சேர்ந்த பம்பரின் பாரம் முன் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சீசா பலகைக் கணக்கு. முன் அச்சில் சுமார் 93 கிலோ ஏறும், பின் அச்சில் 23 கிலோ குறையும். மழையில் நனைந்த வளைவில் பின்சக்கரம் வழுக்குகிறது, பிரேக் அடித்தால் மூக்கு குத்துகிறது என்று பிறகு புலம்புவோம். முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றாமல் பம்பரை மட்டும் மாற்றுபவர்கள்தான் அதிகம்.

★ அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. வண்டியின் பாதுகாப்பு அம்சத்தைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் கடை எல்லோருக்கும் தடை உண்டு. சொந்தக்காரருக்கு அந்தத் தடை இல்லை. கடைக்காரர் செய்தால் குற்றம், அதையே நீங்கள் வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்து செய்தால் மத்தியச் சட்டம் கண்டுகொள்ளாது.

இன்னொன்று: மெதுவாக இடித்தால் சேதம் ஆகக் கூடாது என்று சொல்லும் அமெரிக்க பம்பர் விதி கார்களுக்கு மட்டும்தான். எஸ்யூவிக்கும் பிக்-அப்புக்கும் கிடையாது. காரின் பம்பர் தரையிலிருந்து சுமார் 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அந்த விதி எதிர்பார்க்கிறது. ஜீப்பின் பம்பர் அதற்கு மேலே போனால், மோதும்போது காரின் பம்பரைத் தொடாமல் அதன் பானெட் மேல் ஏறிவிடும். அதனால் 2003-ல் கார் நிறுவனங்கள் தாங்களாகவே கூடி, பெரிய வண்டிகளின் முன் சட்டமும் அந்த உயரத்தில் குறுக்கிடும்படி செய்வதாக ஒப்புக்கொண்டன. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, மேல்நோக்கி வளைத்த பம்பரை மாட்டும்போது அந்த ஒப்பந்தத்தை நாம் தனியாளாக ரத்து செய்கிறோம்.

★ முன்பக்க மோதல்களில் வண்டியைத் திணறடிப்பது நேருக்கு நேர் மட்டும் அல்ல, ஓரத்தில் இடிப்பதும்தான். வண்டி அகலத்தில் கால் பங்கு மட்டும் தடுப்பில் மோதும் சோதனையை அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2012-ல் கொண்டுவந்தது. வேகம் 64 கிலோமீட்டர். சேஸிஸின் இரு தண்டுகளுக்கும் வெளியே அடி விழுவதால் நேராகச் சக்கரத்துக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் போகிறது. பெயர்பெற்ற கார்களே இதில் திணறின. பிறகு நிறுவனங்கள் முன் ஓரங்களில் புதிய சட்டங்களைச் சேர்த்தன.

இப்போது ஆஃப்-ரோடு உலகின் மோகம் "குட்டை பம்பர்". டயர் பாறையில் ஏற வசதியாக, இரு ஓரங்களும் வெட்டப்பட்டு நடுவில் மட்டும் இருப்பது. பாறை ஏற அருமை. ஓரத்தில் அடி விழுந்தால் அங்கே இருப்பது டயர் மட்டுமே.

எந்த மாற்றமும் செய்யாத ஜீப் ராங்லரே 2020-ல் இந்தச் சோதனையில் மோதிய வேகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. ஓட்டுநர் இடம் நசுங்கவில்லை என்பது ஆறுதல். இதே ராங்லருக்கு 2018-ல் ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். நம் தார் 2020-ல் குளோபல் என்கேப்பில் 4 நட்சத்திரம், தார் ராக்ஸ் 2024-ல் பாரத் என்கேப்பில் 5. எல்லாம் கம்பெனி பம்பரோடு வாங்கிய மதிப்பெண். மீசை வைத்த பிறகு அந்த மார்க் ஷீட் வேறு பையனுடையது.

★ ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே, நடந்துபோகிறவர் மீதான மோதல் சோதனையில் தேறாத முன்பக்க பார்களை விற்கக் கூடாது என்று விதி போட்டது. இரும்புக் குழாய்கள் அங்கே கடைகளிலிருந்து மறையத் தொடங்கின. அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையிலும் பாதசாரிக்கு மிக மோசமாக நடந்துகொண்டது இரும்பு. பாலிமரில் வார்த்தது எவ்வளவோ மேல்.

★ நம் நாட்டில்? 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டுகளை அனுமதிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. பதிவுச் சான்றில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 அதற்கு அடிப்படை. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அந்த வாரங்களில் பழைய இரும்புக் கடைகளில் பளபளக்கும் குழாய்கள் குவிந்தன. இப்போது மறுபடி முளைக்கின்றன, கொடி கட்டிய வண்டிகளில் கொஞ்சம் கூடுதல் அடர்த்தியாக.

★ காட்டுப்பாதையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மோதல் இல்லை. வண்டி உருளுவது. உருளும்போது முன்பக்க பம்பர் ஒன்றும் செய்யாது. காப்பது கூரைக் கூடும் பெல்ட்டும்தான். டொயோட்டாவின் சில மலை வண்டிகளில், சரிவில் வண்டி சாயும்போது பக்கத் திரை ஏர்பேக் தவறாகத் திறந்துவிடாமல் இருக்க ஒரு பட்டனே உண்டு. பள்ளத்தாக்கில் இறங்கும்போது அணைத்துக்கொள்ளலாம். சாலைக்கு வந்ததும் நினைவாகப் போட வேண்டும்.

★ அடுத்த ஆபத்து இழுவை. சேற்றில் புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது, கொக்கி பிடித்திருக்கும் இடம் பிய்த்துக்கொண்டால் அது பீரங்கிக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி, அது தெறித்து உயிர்போன சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. இந்த விஷயத்தில் நல்ல ஆஃப்-ரோடு பம்பருக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். சேஸிஸோடு நேரடியாகப் பிணைத்த இழுவைக் கொக்கி அதில் இருக்கும். அழகுக்காக வெறும் தகட்டில் வெல்டு வைத்த கொக்கிகளும் அதே நிறத்தில், அதே கடையில் கிடைக்கின்றன. கீழே குனிந்து, கொக்கியின் போல்ட் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையோ ஈரச் சாக்கோ போடுங்கள். அறுந்தால் அது கயிற்றைக் கீழே அழுத்தும்.

★ உள்ளே இருப்பவர் உயிரைக் காக்கவே முன் பம்பரில் ஓர் இரும்பைச் சேர்த்த சம்பவம் வரலாற்றில் உண்டா? உண்டு. இரண்டாம் உலகப் போரில், ஐரோப்பாவில். பின்வாங்கிய ஜெர்மானியர்கள் சாலைகளின் குறுக்கே, கழுத்து உயரத்தில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அமெரிக்க வீரர்கள் ஜீப்பின் முன்கண்ணாடியை மடித்துப்போட்டு ஓட்டும் பழக்கமுள்ளவர்கள். இருட்டில் கம்பி கண்ணுக்குத் தெரியாது. களத்திலிருந்த பட்டறைகளே இதற்கு வழி கண்டன. பம்பரின் நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் ஆங்கிள் இரும்பை நட்டுவைத்து, அதன் உச்சியில் முன்பக்கம் வளைந்த ஒரு கொக்கி. கம்பி அதில் சிக்கி அறுந்துவிடும். பழைய வில்லிஸ் ஜீப்பைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் சிலர் இன்றும் அந்தக் கம்பத்தைச் சேர்த்தே பொருத்துகிறார்கள். கண்காட்சியில் பார்க்கும் பிள்ளைகள் அதை ஏரியல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.